ஆறு மணிக்கு நான் சொல்ல வேண்டியது

"டிஸ்பிளே போயிருச்சு சார், மாத்தணும், ஒரு மணி நேரம் ஆகும்" என்று ரெஜினா சொன்னபோது என் கைக்கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. அவள் கடைச் சுவரில் நாலு நாற்பத்தேழு. ஏழு நிமிஷம் முன்னால் ஓடுகிற கடிகாரத்தை மாட்டிவைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படி நிம்மதியாக வேலை பார்க்கிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஊர்க் கடிகாரத்தையெல்லாம் திருத்துவது என் வேலையில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக டைம் கீப்பர், அங்கே இருக்கிற ஒரே ஒரு கடிகாரத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. காலையில் டிரைவர் மருதமுத்துவின் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் நழுவி இரும்புச் சட்டத்தில் விழுந்து கறுத்துப் போயிற்று. ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டு, படுத்துப் பார்த்து, தூக்கம் வராமல், சிங்காரத்தோப்புச் சந்துக்குள் இந்தக் கடையைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மணிக்கு சங்கவி கூப்பிடுவாள். என் ஒரே மகள். சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் டிராயிங் போடுகிறாள், அதே கம்பெனியில் இருக்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள், பையன் ஒடிசாக்காரன், பெயர் பிஸ்வஜித். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேராக என்னிடமே சொன்னாள். "புதன்கிழம ஆறு மணிக்கு போன் பண்றேன்ப்பா. அவனும் பக்கத்துல இருப்பான். பேசிப் பாரு. அப்பறமும் வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன். ஆனா நீ சொல்லணும்ப்பா. நீ." கடைசி 'நீ'யை ஏன் அவ்வளவு அழுத்தினாள் என்று தெரியவில்லை. அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செல்வமணிதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதில் சொல்கிறவள்.

ரெஜினா போனின் உறையைக் கழற்றி, உள்ளே இருந்த சமயபுரத்தாள் படத்தையும் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டையும் என் கையில் கொடுத்தாள். சீட்டில் சங்கவியின் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் போனை வாங்கிக் கொடுத்தபோது அவளே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதான் மெயில் ஐடி, இதான் பாஸ்வேர்டு, தொலைச்சிராத" என்று எழுதி உறைக்குள் செருகினாள். பிரித்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்கிறேன், அவள் பெயரில் ஆரம்பித்து என்னென்னவோ எண்ணில் முடிகிறது. பிள்ளை பெயரை வைப்பதுதானே வழக்கம், வண்டிக்கு வைக்கிறோம், வீட்டுக்கு வைக்கிறோம். மடித்து வைத்துக்கொண்டேன். மறுபடி பிரித்தேன். என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வலது கட்டைவிரல் தானாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் யாராவது இருந்தால் இந்த ஆளுக்கு நரம்பில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை சட்டைப்பையைத் தொட்டுவிட்டேன். சரி, நல்லதுதான், போன் இல்லாத ஒரு மணி நேரம், உட்கார்ந்து யோசி கலியபெருமாள், ஆறு மணிக்கு என்ன சொல்லப் போகிறாய். யோசித்தேன். வேண்டாம். ஏன் வேண்டாம். ஏனென்றால் வடக்கிலிருந்து இவர்கள் எல்லாம் திட்டம் போட்டு வருகிறார்கள். யார் திட்டம் போட்டது. அது தெரியாது, ஆனால் திட்டம். இதை யார் சொன்னது. நான். நானா? இந்த இடத்தில்தான் சிக்குகிறது. மனசுக்குள் 'திட்டம் போட்டு வருகிறார்கள்' என்று சொல்லும்போது என் குரல் கேட்கவில்லை, நெற்றி ஏறிய ஒருவன் போன் வீடியோவில் காருக்குள் உட்கார்ந்து சீட் பெல்ட்டோடு பேசுவானே, அவன் குரல் கேட்கிறது. முதலில் ஒரு இருமல், பிறகு "சிந்திங்க மக்களே". நான் என்றைக்கு யாரை மக்களே என்று கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் சொன்னேன். இட்லித் தட்டு கையில் இருந்தது, கோபம் தலைக்கேறியது, வாய் திறந்தது, அந்தக் காருக்குள் இருப்பவன் வெளியே வந்தான். "இவனுங்கல்லாம் திட்டம் போட்டு வர்றானுங்கம்மா, மொதல்ல வேலைய எடுப்பானுங்க, அப்பறம் வீட்ட எடுப்பானுங்க..." சங்கவி அழவில்லை, கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மிச்சத்தை அவளே சொன்னாள். "அப்பறம் வீட்டுப் பொண்ண எடுப்பானுங்க. அதானப்பா அடுத்த வரி?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாய்க்குள் இருந்த வரி அவளுக்கு எப்படித் தெரியும். செல்வமணி சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மூன்று நாளாக அது குடைந்துகொண்டே இருக்கிறது. என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாளா, இல்லை நான் அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறேனா. அவள் முன்னால் இதற்கு முன் சொன்னதே இல்லை. பிறகு எப்படி. மருதமுத்து சொல்லியிருப்பானோ? அவனுக்கு அவள் நம்பரே தெரியாது. கடைச் சுவரில் ஐந்து மணி ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஏழு நிமிஷம் மிச்சம் இருக்கிறது.

எனக்கு முன்பு கருத்து என்று ஒன்றும் கிடையாது. இதை வெட்கப்படாமல் சொல்லலாம். டைம் கீப்பரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, துறையூர் வண்டி போயிருச்சா, மண்ணச்சநல்லூர் எத்தனைக்கு, அவ்வளவுதான். வீட்டில் செல்வமணி கேட்பாள், பருப்பா ரசமா என்று, நான் யோசிப்பதற்குள் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். ஐம்பத்தாறு வயதுவரை அப்படியே ஓடியாயிற்று. போன் வந்த பிறகுதான் எல்லாம். முதலில் மூட்டு வலிக்குக் கஷாயம் பார்த்தேன், பிறகு கஷாயம் கொடுத்தவர் எதையெதையோ திட்டினார், அதையும் பார்த்தேன். ஒரு நாள் ஏதோ ஊரில் ஏதோ தகராறு, வடக்கிலிருந்து வந்த ஆட்களும் நம் ஆட்களும் கட்டிப் புரண்ட வீடியோ. பஸ் நிலையத்து இரைச்சலில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, அதனால் இரண்டாம் தடவை போட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். அவ்வளவுதான் செய்தேன். இரண்டு தடவை பார்த்ததால் எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது என்று அந்த யந்திரம் நினைத்துக்கொண்டது. மறுநாள் அதே போல நாலு. அடுத்த வாரம் நாற்பது. அப்புறம் எனக்கும் பிடித்துவிட்டது. எது முதலில் என்று இப்போது யோசித்தால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, ஆனால் சுகமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. டீக்கடையில் வாய் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, அந்த விஷயத்துல நீங்க என்ன நெனைக்கறீங்க" என்று டிரைவர்கள் கேட்டார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவர் என்னிடம் 'நீங்க என்ன நெனைக்கறீங்க' என்று கேட்கிறார், எப்படி நிறுத்துவது? மருதமுத்து மட்டும்தான் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "இது உங்க பேச்சு மாதிரியே இல்லையேண்ணே. மண்ணின் மைந்தன்லாம் எங்க புடிச்சீங்க?" கோபத்தில் என் போனைக் காட்டினேன், அவனும் அவன் போனைக் காட்டினான். அதே தகராறு. என் போனில் அடித்தவன் அவன் போனில் அடி வாங்குகிறான். இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்துக்கொண்டு வேறு வேறு ஊரில் இருந்தோம். அவனோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவன் எத்தனையோ வருஷத்துக் கூட்டாளி, சங்கவிக்குக் காது குத்தும்போது பக்கத்தில் நின்றவன்.

கட்டைவிரலே, சும்மா இரு. எனக்கு என்று ஏதாவது இருக்கிறதா பார்ப்போம், அந்த யந்திரம் கொடுக்காத ஒன்று, ஒரு சின்ன விஷயம். டீயில் சர்க்கரை பிடிக்கும். இப்போது போடுவதில்லை, அது விஷம் என்று ஒரு டாக்டர் சொன்னார், டாக்டர்தானா அவர், வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். காலையில் வெந்தயத் தண்ணீர், அதுவும் அங்கிருந்து வந்தது. மீசை? மீசை போன பொங்கலுக்குப் பிறகு வைத்தது, ஏன் வைத்தேன் என்று செல்வமணி கேட்டதற்கு 'கம்பீரம்' என்றேன், அந்த வார்த்தையும் என்னுடையதில்லை. நிறம்? நீலம் பிடிக்கும். நிச்சயமாகவா? யூனிபார்ம் பார்த்துப் பார்த்து எனக்குக் காக்கி தவிர எல்லா நிறமும் பிடிக்கும். பயமாக இருந்தது. உண்மையாகவே பயம், வீட்டுக்குள் நுழைந்து சுவிட்சைத் தேடும்போது சுவரே இல்லாத மாதிரி. ரெஜினாவிடம் "ஆயிருச்சாம்மா" என்றேன். தலை நிமிராமல் "பசை காயணும் சார்" என்றாள்.

இரண்டு வருஷம் முன்னால், இதே ஆனி மாதம்தான், ஒரு சாயங்காலம் பஸ் நிலையத்தில் என் ஜன்னலுக்கு வெளியே வடக்கத்தி ஆள் ஒருவன் வந்து நின்றான். தோளில் பாய் மூட்டை, மூச்சு இரைத்தது. "மனப்பாறை, மனப்பாறை" என்றான், அவன் சொன்ன மணப்பாறையைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மணப்பாறை வண்டி அப்போது கிளம்பப் போகிறது, டிரிப் ஷீட் என் மேஜையில், நான் கையெழுத்துப் போடாமல் வண்டி எடுக்க முடியாது. அவனோடு வந்த இன்னும் மூன்று பேர் எங்கேயோ கழிப்பறைப் பக்கம் நிற்கிறார்கள் என்று கையால் காட்டினான். நான் பேனாவைத் தேடினேன். பேனா சட்டைப்பையில் இருந்தது, மேஜைக்கு அடியில் தேடினேன். கண்டக்டர் தவித்தான். "எங்க போச்சுன்னு தெரியலப்பா" என்று சொல்லிக்கொண்டே நாலு பேரும் ஓடிவந்து ஏறும்வரை தேடினேன். இரண்டரை நிமிஷம். இருபத்தேழு வருஷத்தில் வேண்டுமென்றே வண்டியைத் தாமதமாக்கியது அந்த ஒரு தடவைதான். அவன் படிக்கட்டில் நின்று கும்பிட்டான். "எந்த ஊரு" என்று கேட்டேன், ஏதோ சொன்னான், வண்டி கிளம்பிவிட்டது. எத்தனை மணி நேரம் ஆகும் அந்த ஊருக்கு என்று கேட்காமல் விட்டோமே என்று அன்று படுக்கும்வரை இருந்தது, அது என் வியாதி, யார் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எத்தனை மணி நேரம் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன மாதமும் ஒருவன் வந்தான். கூட மனைவி, அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கியது. அவனும் ஒரு ஊர்ப் பெயரைத்தான் சொன்னான், லால்குடி என்று நினைக்கிறேன். வண்டி கண்ணுக்கு எதிரே நிற்கிறது. கை நீட்டினால் போதும். "தமிழ்ல கேளு" என்றேன். லால்குடிக்குத் தமிழில் என்ன, ஹிந்தியில் என்ன, எல்லாம் லால்குடிதான். அவன் மறுபடி சொன்னான், நான் சட்டென்று கையெழுத்துப் போட்டு ஷீட்டைக் கண்டக்டரிடம் கொடுத்தேன், வண்டி போயிற்று. அந்தப் பெண் போகிற வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவர்கள் என் ஜன்னலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள், நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவைத் தேடியவன் நானா, கையெழுத்துப் போட்டவன் நானா? இருவருக்கும் என் கையெழுத்துத்தான். ஆறு மணிக்கு சங்கவி யாரிடம் கேட்கப் போகிறாள்?

"சார், டச் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க." ரெஜினா போனைப் பளபளவென்று துடைத்து நீட்டினாள். சரிபார்ப்பதற்காக அவளே வீடியோவைத் திறந்து விரலால் தள்ளினாள். சீட் பெல்ட்டுக்காரன் வந்தான், போனான், கஷாயம் வந்தது, போனது, யாரோ ஒரு பெண் சங்கு வளையலைப் பற்றிப் பேசினாள். "ஐடி யாருது சார்? சங்கவின்னு வருது." என் பெண்தான் போட்டுக் கொடுத்தாள் என்றேன். "அவங்க பேருல புதுசா போட்டதா, இல்ல அவங்க ஐடியேவா? அவங்க போன்லயும் இதேவா இருக்கு?" எனக்குத் தெரியவில்லை, சீட்டை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "அவங்களோடதேதான் சார். எல்லா வீட்டுலயும் இதான் செய்யறாங்க, அப்பாவுக்கு எதுக்குத் தனியான்னு பிள்ளைங்க ஐடியவே போட்டுக் குடுத்துருவாங்க. அப்பறம் ரெண்டும் கலந்துக்கும். நீங்க பாக்கறது அவங்களுக்குப் போகும், அவங்க பாக்கறது உங்களுக்கு வரும். எங்க மாமியார் பாக்கற ஜெபக் கூட்டம் பூரா எனக்குத்தான் வரும்." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த போனைப் பிரிக்கப் போய்விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் அடுத்த வரி. அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷமாக, சென்னையில் ஏதோ ஒரு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பா இன்றைக்கு என்ன பார்த்தார், யாரைத் திட்டியதை ரசித்தார் என்று ஒவ்வொன்றாக. பிஸ்வஜித் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் வந்திருக்குமே, அய்யோ, அவள் அவசரமாகத் தள்ளிவிட்டிருப்பாளே. அப்படியானால் எனக்கு வந்தது? எனக்கு அவ்வப்போது சம்பந்தமில்லாமல் ஏதேதோ வரும். கல்யாண மேடையில் தக்கையால் செய்த கிரீடம் வைத்த மாப்பிள்ளை, புரியாத பாஷையில் பாட்டு. இது ஏன் எனக்கு வருகிறது என்று எரிச்சலாக இருக்கும். வீட்டில் சம்மதம் கிடைக்க ஒன்பது செவ்வாய்க்கிழமை நெய் விளக்கு என்று ஒன்று வந்தது, அதை மட்டும் பயபக்தியோடு முழுசாகப் பார்த்து, பெண்ணுக்கு நல்ல வரன் அமையட்டும் என்று செல்வமணியை விளக்குப் போடச் சொன்னேன், அவளும் ஏழு வாரமாகப் போடுகிறாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நிதானமாகப் பேசுவார், அப்பாவிடம் மனம் திறப்பது எப்படி. அது வரும்போதெல்லாம் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஆர்வமில்லை' என்று அழுத்துவேன். மருதமுத்துதான் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். ஆர்வமில்லை. மறுபடி வந்தது. ஆர்வமில்லை. மூன்றாம் தடவையோடு நின்றுவிட்டது. அப்போது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இப்போது ரெஜினாவிடம் போய், "தேடினதெல்லாம் எங்கம்மா இருக்கும்" என்று கேட்டேன். அவள் காட்டினாள். பட்டியலாக இறங்கியது. மூட்டு வலி கஷாயம். அது நான். ஒடிசா கல்யாண முறை. அது அவள். வடக்கர் அட்டூழியம். நான். அப்பாகிட்ட எப்படி சொல்றது. அவள். மண்ணின் மைந்தர் எழுச்சி உரை. நான். அப்பா திடீர்னு மாறிட்டார் என்ன செய்யறது. அதற்கு மேல் விரல் ஓடவில்லை. "இது எப்பம்மா?" "மாசி மாசம் போல சார், பிப்ரவரி இருபதுன்னு போட்டிருக்கு." நாலரை மாதம். என்னிடம் கேட்க வேண்டியதை அந்த யந்திரத்திடம் கேட்டிருக்கிறாள், அது என்னிடம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறது, நான் ஆர்வமில்லை என்று அழுத்தியிருக்கிறேன். பெற்ற பெண்ணின் வாயை அழுத்தி மூடியிருக்கிறேன். நீ சொல்லணும்ப்பா, நீ. அம்மாவை விட்டுச் சொல்லாதே என்றில்லை அவள் சொன்னது. அந்தக் காருக்குள் இருப்பவனை விட்டுச் சொல்லாதே என்று.

சுவரில் ஆறு ஏழு. என் கையில் ஆறு. போன் அடித்தது. என் பெண் ஒரு நிமிஷம் தவறமாட்டாள், அந்த ஒன்று மட்டும் என்னிடமிருந்து போனது. திரையில் அவள் படம், அதே பெயர், எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே பெயர். எடுத்தேன். "அப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. என்னைப் பார்த்து. சரி என்றால் அது வெட்கத்தில் சொல்வது, வேண்டாம் என்றால் அது யாருடையதோ, நடுவில் நான் எங்கேயாவது இருக்கிறேனா என்று தேடிக்கொண்டே, "சங்கவி, எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே தெரியலம்மா. நெசமாவே தெரியல" என்றேன். கண் கலங்கியது, ரெஜினா பார்க்கிறாள் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். "அந்தத் தம்பிகிட்ட குடு." ஏதோ கை மாறியது. "வணக்கம் சார்" என்று ஒரு குரல், ஒவ்வொரு எழுத்தாகப் பழகியிருக்கிறான், எனக்காக. என்ன கேட்பது? சம்பளம் என்ன, குலம் என்ன, உன் திட்டம் என்ன, வரிசையாக வாயில் வந்து நின்றன, ஒன்றும் என் கேள்வியில்லை. கொஞ்ச நேரம் தேடினேன். "தம்பி, உங்க ஊரு பேரு என்ன?" "பாலேஸ்வர், சார்." "திருச்சியிலேருந்து அங்க போய்ச் சேர எத்தன மணி நேரம் ஆகும்?" அவன் திகைத்தான், சங்கவியிடம் ஏதோ கேட்டான், அவள் அழுவது எனக்குக் கேட்டது. பிறகு தட்டுத் தடுமாறிச் சொன்னான். "முப்பது மணி நேரம் சார். ஆனா, டிரெயின்... எப்பவும் லேட்." எவ்வளவு லேட் என்று கேட்டுக்கொண்டே அந்தத் துண்டுச் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பேனாவைத் தேடினேன். இந்தத் தடவை உண்மையாகவே கிடைக்கவில்லை. ரெஜினா அவள் பேனாவைக் கொடுத்தாள்.